கையில் கொடுத்த முளைக்குச்சி

திருவள்ளூர் தாலுகாவில் பூமிக்கு அடியில் கிடக்கிற எந்த உலோகமும் இனிமேல் மணவாளனிடமிருந்து தப்பிக்க முடியாது. இதை அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வறண்ட ஏரியின் நடுவில் நின்று, செத்துப்போன இரண்டு டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் குடலை ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடக்கி, அதிலிருந்து மூங்கில் கழியின் நுனியில் சுற்றிய செம்புக்கம்பி வளையத்துக்கு ஒயர் இழுத்து, ஒற்றைக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு தங்கையிடம் சொன்னான்.

"நாடு சுதந்திரம் அடைஞ்சதுக்கு அப்புறம் இந்த ஏரியில நடக்கற மொத விஞ்ஞானம் இது, குணா. தேதிய மறந்துடாத."

"மறக்கமாட்டேன்," என்றாள் குணசுந்தரி. "தாலி கெடைக்குமா கெடைக்காதா, அத்தச் சொல்லு."

கிடைத்தே ஆக வேண்டும். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்தாம் மாதம். நாளைக்குத் தாலி பெருக்கிப் போடுகிற நாள். மாமியார் ஜானகியம்மாள் காலை பஸ்ஸில் தங்கச் சங்கிலியோடு வந்து இறங்குவாள். சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க மருமகளின் கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றைக் கழற்றி, தாலியைச் சங்கிலியில் கோப்பாள். கழற்றுவதற்குக் கயிறு இருந்தது. கோப்பதற்குத் தாலி இல்லை. பிறந்த வீட்டுக்கு வந்த இடத்தில் சும்மா இருக்காமல், ஏரியில் வண்டல் அள்ளப் போன பெண்களோடு சேர்ந்து இவளும் கூடை சுமந்திருக்கிறாள். கயிறு எந்த இடத்தில் அறுந்ததோ, சாயங்காலம் குளிக்கும்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து புதுக் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் சோறு தின்றுகொண்டிருந்தாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. புருஷன் தணிகாசலம் கும்மிடிப்பூண்டி பக்கம் லாரி ஓட்டுகிறவன். அவன் வண்டி ஒரு புளியமரத்தில் லேசாக உரசினால்கூட ஜானகியம்மாள் யார் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள் என்பதைச் சொல்ல பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் தேவையில்லை.

அதனால்தான் காலேஜ் கண்காட்சிக்காகச் செய்த கருவியை மணவாளன் வெயில் தாழ்ந்ததும் ஏரிக்குத் தூக்கி வந்தான். வளையத்தை ஆகாயத்துக்குக் காட்டினால் ஹெட்போனில் சத்தமே இல்லை. தரைக்குக் காட்டினால், உலோகம் இருக்கிற இடத்தில் மட்டும் கொசு பாடுவது மாதிரி பாட வேண்டும்.

எல்லா இடத்திலும் பாடியது.

மெல்லியதாக, மூக்கடைத்துக்கொண்டு தூங்குகிறவரின் மூச்சு மாதிரி. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த வண்டல், வேகவைத்த மண்ணும் செத்த நத்தையும் கலந்த ஏரி வாசனை, தூரத்தில் திருவள்ளூரை விட்டுக் கிளம்பிய ரயிலின் கூவல், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சத்தம். அவன் நடந்தால் அதுவும் கூடவே வந்தது. அவன் நின்றால் அது அரை மூச்சு பிந்தி நின்றது.

மணவாளன் பயப்படவில்லை. காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டான். இடுப்பில் செருகியிருந்த களைக்கொட்டு.

"தப்பு மிஷின்ல இல்ல," என்றான். "தோண்டற சாமான்ல. இரும்பு பக்கத்துல இருந்தா இது இரும்பத்தான் பாடும்."

தோண்டுவதற்கு எதை எடுப்பது என்று மத்தியானமே வீட்டில் ஒரு மாநாடு நடத்தியிருந்தான். கடப்பாரை வேண்டாம், அது தாலியைக் கண்டுபிடிக்காது, இரண்டாக்கும். மண்வெட்டி வேண்டாம், ஒரு வெட்டில் ஒரு கூடை மண் வரும், அதில் தேடுவதற்குப் பதில் ஏரியிலேயே தேடலாம். கைக்கு அடக்கமாக, கூர்மையாக, மண்ணைக் கிள்ளி எடுக்கிற மாதிரி வேண்டும். அப்படித்தான் களைக்கொட்டு ஜெயித்தது. இப்போது அது தோற்றுவிட்டதால் ஏரிக்கரையில் போட்டுவிட்டு, இதில் இரும்பு குறைவு என்று கணக்குப் போட்டு, சின்னக் கொத்தனார் கரண்டியைக் கொண்டுவரச் சொன்னான். குணா கொண்டுவந்து, அவன் நீட்டிய கையில் கொடுக்காமல், காலடியில் மண்ணில் வைத்தாள்.

"கையில குடுத்தா இன்னா, கை தேஞ்சிடுமா?"

"கீழ வெச்சா இன்னா, உன் இடுப்பு ஒடிஞ்சிடுமா? தோண்டற சாமானைக் கைக்குக் கை குடுக்கறதில்ல. தெரியாத மாதிரி கேக்கறான் பாரு."

தெரியும். ஊரே அப்படித்தான். ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். இதைப் பற்றி மணவாளன் காலேஜ் மலரில் 'கீழே வை நாகரிகம்' என்று ஒரு கட்டுரையே எழுதினான். இந்த ஊரில் டாக்டர் ஆபரேஷன் செய்தால் நர்ஸ் கத்தியைத் தரையில் வைப்பாள் என்று அதில் ஒரு வரி. பிரின்சிபால் வரைக்கும் சிரித்தார்.

"ஏன் குடுக்கறதில்லைன்னு எவனாவது சொன்னானா?"

"தோண்டறவன் குனிஞ்சிக்கினு இருப்பான். கைய மட்டும் பின்னால நீட்டுவான். வாங்கறவனுக்கு யாரு குடுத்தாங்கன்னு தெரியாது. குடுக்கறவங்களுக்கு யாரு வாங்கனாங்கன்னு தெரியாது. பேஜாரு எதுக்கு, கீழ வெச்சிட்டுப் போ."

"அடடா! ஐன்ஸ்டைனுக்கே தோணல பாரு."

கொத்தனார் கரண்டியும் தோற்றது. அதைக் கரையில் போட்டான். தரையின் மூச்சு நிற்கவில்லை. கொட்டாங்கச்சியைக் கொண்டு சுரண்டிப் பார்த்தான். ஏரி மண் அதை அப்பளம் மாதிரி நொறுக்கியது. கடைசியில் குணாவே வீட்டுக்கு ஓடி, செவலைப் பசுவைக் கட்டுகிற முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஒரு முழத்துக்கும் குறைவு. கருவேலங்கட்டை, நுனி கூர்மை, வருஷக்கணக்காக மாட்டு மூத்திரம் குடித்து இரும்பாகவே ஆகியிருந்தது, ஆனால் இரும்பில்லை. பசு இப்போது கொல்லையில் அம்மாவின் கீரைப்பாத்தியில் இருப்பதாகவும், அம்மாவின் சத்தம் தெருமுனை வரை கேட்பதாகவும் மூச்சு வாங்கச் சொன்னாள். சொல்லிக்கொண்டே குச்சியைக் கீழே வைத்தாள்.

கைக்குப் பொருந்தியது. மண் அதற்குப் பணிந்தது. மணவாளனுக்கு ஒரு நிமிஷம் உலகமே நேரானது.

வளையத்தைத் தரையில் காட்டினான்.

மூச்சு இருந்தது.

சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துக் கரைக்கு எறிந்தான். வாட்ச். பெல்ட். வெட்கத்தை விட்டு வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்தான். குறையவில்லை. பின்னால் குந்தியிருந்த குணாவைத் திரும்பிப் பார்த்தான். காலில் மெட்டி, கையில் வளையல்.

"நீதான்! நடமாடற பாத்திரக்கடை. போ, கரையில போய் ஒக்காரு. நான் கூப்பிடற வரைக்கும் எறங்காத."

"இவ்ளோ நேரம் கழிச்சுக் கண்டுபுடிச்சியா, விஞ்ஞானி?"

கலகலவென்று வளையல் சத்தம் கரையை நோக்கிப் போய், மேலே ஏறி, சின்னதாகி, நின்றது. ஏரிக்கரையின் மேல் அவள் ஒரு புள்ளியாக உட்கார்ந்தாள். வெயில் மஞ்சளிலிருந்து துருப்பிடித்த நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏரி முழுக்க அவன் ஒருவன்தான். உடம்பில் ஒரு குண்டூசி கிடையாது.

இப்போதுதான் சத்தம் நன்றாகக் கேட்டது.

இது நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எல்லா இடையூறும் போய்விட்டது, மீதி இருப்பது தாலி. சத்தம் பலமாக இருந்த இடத்தில் மண்டியிட்டு, முளைக்குச்சியால் குத்தி, கெல்லி, கையால் வாரி, முழங்கை ஆழம் வரை தோண்டினான். மேல் பாளம் வறட்டி மாதிரி பெயர்ந்தது. அடியில் ஈரம் இருக்கும் என்று நினைத்தான், இல்லை. இன்னும் அடியில் மாவு மாதிரி உலர்ந்த சாம்பல் நிற மண். ஒரு மாட்டு லாடம்கூட இல்லை. வளையத்தைக் குழிக்குள் விட்டான். நிசப்தம். குழியின் விளிம்புக்கு இந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில், மறுபடி மூச்சு.

சரி, கொஞ்சம் தள்ளிக் கிடக்கிறது. அங்கே தோண்டினான். அங்கேயும் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி. தோண்டத் தோண்டச் சத்தம் நகர்ந்தது. அவன் குத்தும்போது பொறுமையாக இருந்து, கையை உள்ளே விடுகிற நேரத்தில் விலகியது. மண்ணுக்குள் உலோகம் நகராது. இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, ஏனென்றால் எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நகத்தடியில் மண் ஏறி விண்ணென்று தெறித்தது. பேட்டரி தீருகிறது, அதனால் ஓசை அலைகிறது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். பிறகு சூடு என்றான். பிறகு எதுவும் சொல்லவில்லை.

எழுந்து நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அவன் தோண்டிய குழிகள் கண்டபடி இல்லை. ஏரியின் நடுவிலிருந்து வரிசையாக, ஏர் ஓட்டின சால் மாதிரி நேராக வந்துகொண்டிருந்தன. எந்தத் திசைக்கு என்று மறுபடி முன்பக்கம் திரும்பினான்.

வரிசையின் முனையில், கரையின் மேல், குணா உட்கார்ந்திருந்தாள்.

"கெடச்சுதாண்ணா?" அவள் குரல் காற்றில் கிழிந்து வந்தது.

"இரு, இரு!"

ஓடிவிடலாம். ஆனால் காலையில் பஸ் வரும். அதிலிருந்து ஜானகியம்மாள் இறங்குவாள். கழுத்தில் மஞ்சள் துண்டோடு நிற்கிறவளைப் பார்ப்பாள். மணவாளன் மண்டியிட்டான். இரண்டு கையாலும் கழியைப் பிடித்து வளையத்தை மெதுவாக ஓட்டினான். இந்தத் தடவை சத்தம் விலகவில்லை. முழங்காலுக்கு நேர் கீழே நின்றது. உரத்து, ஒரே சுருதியில், விசில் மாதிரி. தூங்குகிறவரின் மூச்சு இல்லை இது. விழித்துக்கொண்டவருடையது.

கழியைப் போட்டுவிட்டுக் கைகளால் மேல் பாளத்தைப் பெயர்த்தான். அடியில் கெட்டி. குச்சி வேண்டும். குச்சியை முந்தின குழியின் ஓரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தான், முதுகுக்குப் பின்னால். கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும். இடது கையைப் பெயர்த்த இடத்தில் ஊன்றிக்கொண்டு வலது கையைப் பின்னால் நீட்டினான். விரல்களை விரித்து மூடினான். அவசரத்தில் அவனுக்கு அது பழக்கம்.

"குச்சி. சீக்கிரம். இந்தத் தடவையாவது கீழ வெக்காம கையிலயே குடு."

கையில் வந்தது.

நல்ல அழுத்தத்தோடு, உள்ளங்கையின் நடுவில், பிடிக்கிற பக்கம் சரியாகத் திரும்பி.

"அப்டி வா வழிக்கு!" என்றான் மணவாளன், திருப்தியாக. "படிச்சவன் தங்கச்சின்னா இப்டி இருக்கணும்."

குத்தினான். மண் விரிந்தது. மறுபடி குத்தினான். மஞ்சளாக ஏதோ மினுக்கியது. கயிறு. அழுக்கேறிய மஞ்சள் கயிற்றின் அறுந்த நுனி. விரல்களால் மண்ணை விலக்கி, கயிற்றைப் பிடித்து, மெதுவாக, நூல் அறுந்துவிடாமல், இழுத்தான். தாலி வந்தது. முழுசாக. பொட்டுப் பொட்டாக மண் ஒட்டிய தங்கம், அந்தி வெளிச்சத்தில், அவன் உள்ளங்கையில்.

"கெடச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்தான்.

எதிரே கரையின் மேல் குணா துள்ளி எழுந்தாள். தூரத்தில். ரொம்ப தூரத்தில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்தாள். இவ்வளவு நேரத்துக்குப் பிறகு இப்போதுதான், காற்றோடு, வளையல் சத்தம் வந்தது.

மணவாளனின் வாய் திறந்தபடியே இருந்தது.

குச்சி கைக்கு வந்தபோது வளையல் சத்தம் கேட்கவில்லை.

குச்சியைப் பார்த்தான். பிடியில் ஈரம். இந்த ஏரியில் ஈரமே இல்லை. ஈரத்தில் நான்கு விரல் தடம், தன் விரல்களுக்கு மேலே, தன் விரல்களைவிட நீளமாக.

திரும்பக் கூடாது. ஏன் என்று தெரியாது. திரும்பக் கூடாது.

பின்னால், முந்தின குழிக்குள், மண் சரிகிற சத்தம். சர சரவென்று. நிதானமாக. அதற்குப் பின்னால் இருந்த குழியிலும். அதற்கும் பின்னால்.

பழைய சேற்றின் வாசனை. மழைக்காலத்து ஏரியின் அடி வாசனை.

தோளின் மேல் ஏதோ வந்தது. தொடவில்லை. வலது காதை ஒட்டி, முன்னால் நீண்டது. வண்டல் நிறம். தோலா மண்ணா என்று தெரியவில்லை. வெடித்திருந்தது, ஏரி மாதிரியே, பாளம் பாளமாக. வெடிப்புகளுக்குள் ஈரம். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

விரல்கள் விரிந்தன. மூடின. விரிந்தன.

அவசரத்தில்.

கொடுத்தது அது. இப்போது கேட்கிறது.

மணவாளன் தாலியைக் கைக்குள் மூடிக்கொண்டான். கொடுத்தால் போய்விடும். காலை பஸ். ஜானகியம்மாள். குணா. கொடுக்காவிட்டால்? யோசனை அங்கேயே நின்றது. எதிரே வளையல் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவன் சத்தமில்லாமல் குனிந்தான். முளைக்குச்சியை முதலில் மண்ணில் வைத்தான். பிறகு தாலியை, கயிற்றைச் சுருட்டி, அதன் பக்கத்தில் வைத்தான். ஊரில் எல்லாரும் வைக்கிற மாதிரி. பார்த்து, பணிவாக, கையை உடனே எடுக்காமல்.

"கீழ வெச்சிருக்கேன்," என்றான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. "எடுத்துக்கறதுன்னா, கீழருந்து எடுத்துக்கோ."

தோளுக்கு மேலிருந்த கை அசையவில்லை. கீழே இறங்கவில்லை. தாலியை அது கவனித்த மாதிரியே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு, நிதானமாக, சத்தம் வருகிற பக்கமாக, உள்ளங்கை திரும்பியது.

குணா வந்துகொண்டிருந்தாள். அந்தி அடர்ந்துவிட்டது. பாளங்களில் கால் இடறி, சிரித்து, அழுது, மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. அவள் கண்ணுக்கு மண்டியிட்டிருக்கிற அண்ணன் ஒரு நிழல். அந்த நிழலிலிருந்து முன்னால் நீண்டிருக்கிற ஒரு கை.

"பாரேன், இப்பவும் கையிலயே குடுக்கறான்!" மூச்சு வாங்க அவள் கத்தினாள். "ஐயோ, போவட்டும் போ. இன்னிக்கு ஒரு நாளு உன் இஷ்டந்தான் விஞ்ஞானி. குடு, கையிலயே குடு!"

வேண்டாம். கத்தினான். காற்றுதான் வந்தது. கீழ. கீழ பாரு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஓடி வந்த வேகத்தில் கையை நீட்டி, காத்திருந்த அந்த உள்ளங்கைக்குள் தன் கையை வைத்தாள். விரல்கள் மூடின.

மணவாளனின் இரண்டு கைகளும் தரையில் இருந்தன.